கார்டுல காணாம போன ஒரு வார்த்தை: கமிலா ராணி ஆன கதை

2023 ஏப்ரல் முதல் வாரத்துல பக்கிங்ஹாம் அரண்மனை ஒரு இன்விடேஷன் கார்டை வெளியிட்டுச்சு. சுத்தி பூ, இலை, பறவை, பூச்சின்னு கையால வரைஞ்ச கார்டு, அழகா தான் இருந்துச்சு, டிவில எல்லாம் டிசைனைப் பத்தியே பேசிட்டு இருந்தாங்க. ஆனா விஷயம் நடுவுல இருந்த எழுத்துல. 'மூணாம் சார்லஸ் மன்னர், கமிலா ராணி முடிசூட்டு விழா'ன்னு போட்டிருந்துச்சு. அதுக்கு முந்தின ஏழு மாசமா அரண்மனை விட்ட அறிவிப்புல எல்லாம் அவங்க 'குயின் கன்சார்ட்'. அதாவது மன்னரோட மனைவிங்கறதால ராணி, தானா ஆட்சி பண்ற ராணி கிடையாதுன்னு அர்த்தம். கார்டுல அந்த கன்சார்ட் காணோம். வெறும் குயின் கமிலா. ஒரு விளக்கம் கூட பெருசா இல்லாம கழட்டி வச்சிட்டாங்க.

இதுல என்ன இருக்குன்னு கேக்கலாம். இருக்கு. 2005ல இவங்க கல்யாணம் அறிவிச்சப்ப இதே குடும்பத்து ஆபீஸ் தான் "சார்லஸ் மன்னர் ஆனாலும் கமிலா ராணின்னு பேர் வச்சிக்க மாட்டாங்க"ன்னு சொல்லி மக்களை சமாதானப்படுத்துச்சு. அதுக்கும் பன்னெண்டு வருஷம் முன்னாடி, 1993ல, பிரிட்டன்லயே அதிகமா திட்டு வாங்கின பொண்ணு யாருன்னு கேட்டா பேப்பர் படிக்கிற எவரும் யோசிக்காம இவங்க பேரைத் தான் சொல்லியிருப்பாங்க.

இந்த மாற்றத்தை "காலம் எல்லாத்தையும் ஆத்திடும், மக்கள் மன்னிச்சிட்டாங்க"ன்னு ஒரே வரில முடிக்கறவங்க நிறைய பேர். எனக்கு அது பத்தல. மன்னிப்புன்னா யாராவது கேக்கணும், யாராவது குடுக்கணும். இங்க ரெண்டுமே சரியா நடக்கல. நடந்தது என்னன்னா ஒவ்வொரு தடவையும் அரண்மனை மக்கள்கிட்ட கொஞ்சமே கொஞ்சம் தான் கேட்டுச்சு, அது பழகினதும் அடுத்த கொஞ்சம். அடி மேல அடி வச்சா அம்மியும் நகரும்னு சொல்வாங்கல்ல, அம்மி நகர்ந்துச்சு, ஆனா கால் நூற்றாண்டு ஆச்சு.

முன்கதை தெரியாதவங்களுக்கு சுருக்கமா. கமிலா ஷாண்ட் 1947 ஜூலை 17 பிறந்தவங்க, அப்பா ராணுவ அதிகாரியா இருந்தவர், வசதியான குடும்பம், குதிரை, வேட்டை, கிராமத்து பங்களான்னு வளர்ந்தவங்க. இவங்க கொள்ளுப்பாட்டி ஆலிஸ் கெப்பல் யாருன்னா ஏழாம் எட்வர்ட் மன்னரோட ஆசைநாயகி. அந்தக் காலத்துல அது ஊருக்கே தெரிஞ்ச ரகசியம், பேப்பர்ல மட்டும் வராது. அதை இங்க சொல்றதுக்கு காரணம் இருக்கு: அரச குடும்பத்துல இந்த மாதிரி உறவு புதுசே இல்ல, அதை ஊரே உக்காந்து படிக்க முடிஞ்சது தான் புதுசு.

சார்லஸும் கமிலாவும் 70களோட ஆரம்பத்துல பழகினாங்க, அவர் கடற்படைக்கு போனார், 1973ல கமிலா ஆண்ட்ரூ பார்க்கர் பௌல்ஸ்ங்கற ராணுவ அதிகாரியை கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க. அவர் கத்தோலிக்கர், கல்யாணமும் கத்தோலிக்க முறைப்படி. (இதை ஞாபகம் வச்சிக்கோங்க, கடைசில வரும்.) சார்லஸுக்கு 1981ல டயானாவோட கல்யாணம், உலகம் முழுக்க கோடிக்கணக்கான பேர் டிவில பார்த்தது. அப்புறம் நடந்தது எல்லாருக்கும் தெரியும்.

தெரியும்னாலும் வரிசை முக்கியம், ஏன்னா கமிலாவோட கெட்ட பேர் ஒரே நாள்ல வரல. 1992ல டயானா பக்க கதையை சொல்ற புத்தகம் வந்துச்சு, அந்த வருஷ டிசம்பர்ல ரெண்டு பேரும் பிரியறாங்கன்னு பிரதமர் ஜான் மேஜர் பார்லிமென்ட்ல அறிவிச்சார். 1993 ஜனவரில ஒரு டெலிபோன் பேச்சு அச்சுல வந்துச்சு, 1989ல யாரோ திருட்டுத்தனமா பதிவு பண்ணது, சார்லஸும் கமிலாவும் பேசின அந்தரங்கம். ரெண்டு பேர் ராத்திரில பேசிக்கிட்டதை ஊரே டீ குடிச்சிக்கிட்டே வரிவரியா படிச்சது. 1994ல சார்லஸே டிவில உக்காந்து, கல்யாணம் சரிபண்ண முடியாம உடைஞ்சதுக்கு அப்புறம் தான் உண்மையா இல்லன்னு ஒத்துக்கிட்டார். 1995ல கமிலாவுக்கு விவாகரத்து ஆச்சு. அதே வருஷம் நவம்பர்ல பிபிசில டயானாவோட பேட்டி, இந்தக் கல்யாணத்துல நாங்க மூணு பேர் இருந்தோம், அதனால கொஞ்சம் கூட்டமாயிடுச்சுங்கற அந்த வரி. பிரிட்டன்ல மட்டும் 2 கோடிக்கு மேல பார்த்தாங்க. அந்த ஒரு வரிக்கு அப்புறம் கமிலாவுக்கு பேரே தேவைப்படல, 'மூணாவது ஆள்'னா போதும்.

இதுல ஒரு அநியாயமும் இருக்கு. கல்யாணம் பண்ணி ஏமாத்தினது சார்லஸ். ஆனா திட்டு யாருக்கு விழுந்துச்சு? சக்களத்தி கதைன்னா நம்ம ஊர் சீரியல்லயும் அப்படித்தான், புருஷனை 'பாவம், சிக்கிட்டான்'னு விட்டுட்டு அந்தப் பொண்ணைத் தான் கிழிப்பாங்க. அங்கயும் அதே தான், கூடவே அவங்க முகம், வயசு, முடி, டிரெஸ்னு எதையும் விடல. டயானா பக்கத்துல வச்சு வச்சு ஒப்பிட்டாங்க. இவ்வளவு அழகான பொண்டாட்டியை விட்டுட்டு இவங்க கிட்டயாங்கறது தான் பாதி கோபம். உள்ள போய் பார்த்தா அது ஒழுக்கத்தை பத்தின கோபமே இல்லன்னு தோணும்.

1996ல சார்லஸ்-டயானா விவாகரத்து முடிஞ்சுது, அதே வருஷம் சார்லஸ் ஆபீஸ்ல மார்க் போலண்ட்னு ஒருத்தர் சேர்ந்தார். இந்தக் கதைல முக்கியமான ஆள். அவர் அதுக்கு முன்னாடி எங்க இருந்தார்ங்கறது தான் சுவாரசியம்: பத்திரிகைகள் மேல வர்ற புகாரை விசாரிக்கிற கமிஷன்ல டைரக்டர். அதாவது லண்டன்ல இருக்கிற எல்லா எடிட்டரையும் பேர் சொல்லி கூப்பிடற அளவுக்கு பழக்கம். கமிலாவை மக்கள் ஏத்துக்க வைக்கறது தான் அவரோட முக்கிய வேலையா இருந்துச்சு.

1997 ஜூலைல கமிலாவோட 50வது பிறந்தநாளை சார்லஸ் தன்னோட ஹைகுரோவ் வீட்ல நடத்தினார். மெதுவா வெளில கொண்டு வரலாம்னு பிளான். ஆறு வாரத்துல, ஆகஸ்ட் 31, பாரிஸ்ல டயானா இறந்துட்டாங்க. பிளான் எல்லாம் அப்படியே நின்னுச்சு. அரண்மனை வாசல்ல பூ மலை மாதிரி குவிஞ்சிருந்த அந்த வாரத்துல, கமிலா என்னிக்காவது ராணி ஆவாங்கன்னு யாராவது சொல்லியிருந்தா அவங்களை பைத்தியம்னு தான் நினைச்சிருப்பாங்க.

அப்புறம் தான் அந்த அடி மேல அடி.

1999 ஜனவரி 28 ராத்திரி, லண்டன் ரிட்ஸ் ஹோட்டல். கமிலாவோட தங்கச்சி பிறந்தநாள் பார்ட்டி முடிஞ்சு சார்லஸும் கமிலாவும் ஒண்ணா வாசல்ல வந்து கார்ல ஏறினாங்க. அவ்வளவு தான். சில நொடி. கையைக் கூட கோத்துக்கல. ஆனா வெளில பெரிய போட்டோகிராஃபர் கூட்டம் முன்கூட்டியே வந்து ஏணி போட்டு காத்திருந்துச்சு, இது தற்செயலா நடக்கிற விஷயமா என்ன? ஃபிளாஷ் அடிச்ச வேகத்துல, வலிப்பு நோய் உள்ளவங்களுக்கு ஆபத்து, இந்தக் காட்சியை டிவில ரொம்ப நேரம் போடாதீங்கன்னு ஒரு அமைப்பு சொல்ற அளவுக்கு போச்சு. அன்னிக்கு மக்கள்கிட்ட கேட்டது என்ன? இவங்க ரெண்டு பேரும் ஒரே போட்டோல இருக்கறதை பார்த்து பழகிக்கோங்க, அவ்வளவு தான்.

2000 ஜூன்ல முன்னாள் கிரேக்க மன்னரோட 60வது பிறந்தநாள் விருந்து ஹைகுரோவ்ல, எலிசபெத் ராணி வந்தாங்க, கமிலாவும் இருந்தாங்க. ராணி ஒரே இடத்துல இருக்க சம்மதிச்சாங்கங்கறதே செய்தி. 2001ல எலும்பு தேய்மான நோய்க்கான சங்கத்தோட நிகழ்ச்சில சார்லஸ் அவங்க கன்னத்துல முத்தம் குடுத்தார், பொது இடத்துல முதல் முத்தம். அந்த சங்கம் சும்மா கிடைச்ச மேடை இல்ல, கமிலாவோட அம்மா அந்த நோயால கஷ்டப்பட்டு 1994ல இறந்தவங்க, இவங்க அதே சங்கத்துக்கு தலைவரா ஆனாங்க. 'அம்மாவைப் பறிகொடுத்த பொண்ணு'ங்கற இன்னொரு முகம் மக்களுக்கு தெரிய ஆரம்பிச்சது அங்க தான். 2002ல ராணியோட பொன்விழா கச்சேரில அரச குடும்பத்தோட கமிலாவும் உக்காந்தாங்க. போட்டோ, விருந்து, முத்தம், நாற்காலி. ஒவ்வொண்ணும் தனியா பார்த்தா எதிர்க்கறதுக்கு ஒண்ணுமே இல்லாத சின்ன விஷயம்.

2005 பிப்ரவரி 10 கல்யாண அறிவிப்பு. இங்க தான் வார்த்தை விளையாட்டு உச்சத்துக்கு போகுது, கொஞ்சம் நிதானமா பாக்கலாம்.

பிரிட்டன்ல மன்னரோட மனைவி தானாகவே ராணி. தனியா யாரும் குடுக்கறது இல்ல, கூட வர்றது. 1936ல எட்டாம் எட்வர்ட் மன்னர் விவாகரத்தான வாலிஸ் சிம்ப்சனை கட்டிக்க ஆசைப்பட்டப்ப, "மனைவியா இருக்கட்டும், ராணி பட்டம் வேணாம்"னு ஒரு வழி கேட்டுப் பார்த்தார். பிரதமர் பால்ட்வின் அரசு முடியாதுன்னுடுச்சு, அப்படி ஒரு பாதி கல்யாணம் நம்ம சட்டத்துல இல்லன்னு. மன்னர் மகுடத்தை விட்டுட்டு போயிட்டார். இப்ப 2005ல கமிலா விஷயத்துல அரண்மனை சொன்னதைப் பாருங்க: சார்லஸ் மன்னர் ஆகும்போது கமிலா 'பிரின்சஸ் கன்சார்ட்'ங்கற பட்டத்தை பயன்படுத்தணும்னு உத்தேசிக்கப்பட்டிருக்கு. பிரிட்டன் வரலாற்றுல அந்தப் பட்டத்தை யாரும் வச்சிக்கிட்டதே இல்ல. விக்டோரியாவோட கணவர் ஆல்பர்ட்டுக்கு 1857ல 'பிரின்ஸ் கன்சார்ட்' குடுத்தாங்க, அதை பொண்ணு வடிவத்துல மாத்தி வச்சிக்கிட்டாங்க.

'உத்தேசிக்கப்பட்டிருக்கு.' யார் உத்தேசிச்சா? எவ்வளவு நாளைக்கு? அதுக்கு பதில் இல்ல, வேணும்னு தான் இல்ல. பார்லிமென்ட்ல எம்பி ஒருத்தர் கேள்வி கேட்டப்ப, சட்டத்தை மாத்தாத வரைக்கும் அவங்க ராணி தான்னு அரசாங்கமே ஒத்துக்கிச்சு. அதாவது ராணி ஆகறது சட்டப்படி உறுதி, ராணின்னு கூப்பிடறதா வேணாமாங்கறது மட்டும் தான் பாக்கி. ஆனா அந்த ஒரு வாக்கியம் தன்னோட வேலையை செஞ்சிடுச்சு, அப்ப எடுத்த கருத்துக் கணிப்புகள்ல கல்யாணம் பண்ணிக்கட்டும் ஆனா ராணி வேணாம்ங்கறவங்க நிறைய இருந்தாங்க, அவங்களுக்கு இது வாய்ப்பூட்டு. அதே மாதிரி, சார்லஸோட மனைவியா அன்னிக்கே 'வேல்ஸ் இளவரசி' பட்டமும் அவங்களுக்கு உண்டு, ஆனா அது டயானாவோட பேராச்சே, அதனால அதை தொடவே இல்ல, கார்ன்வால் சீமாட்டின்னு மட்டும் கூப்பிட்டாங்க. புத்திசாலித்தனம்னு தான் சொல்வேன். கையில இருக்கறதை எடுக்காம இருக்கறது கூட ஒரு விளம்பரம் தான்.

கல்யாணமும் அப்படியே பார்த்து பார்த்து. ஏப்ரல் 8க்கு வச்சிருந்தது, அன்னிக்கு போப் ரெண்டாம் ஜான் பாலோட இறுதிச் சடங்கு வந்ததால 9ஆம் தேதிக்கு தள்ளிப்போச்சு. ரெண்டு பேரும் விவாகரத்தானவங்க, சார்லஸ் வருங்காலத்துல இங்கிலாந்து திருச்சபைக்கே தலைவர் ஆகவேண்டியவர், அதனால சர்ச்ல கல்யாணம் இல்ல, வின்ட்சர் டவுன் ஹால்ல சாதாரண ரெஜிஸ்டர் கல்யாணம். ராணி அதுக்கு வரல. அப்புறம் செயின்ட் ஜார்ஜ் சேப்பல்ல ஆசீர்வாத ஜெபம், அதுக்கு வந்தாங்க. அந்த ஜெபத்துல 1662 பிரார்த்தனை புத்தகத்துல இருக்கிற ஒரு பாவ அறிக்கையை, 'எங்களோட எண்ணற்ற பாவங்களுக்காக புலம்புகிறோம்'ங்கற மாதிரி வர்ற வரிகளை, எல்லாரோட சேர்ந்து இவங்க ரெண்டு பேரும் சொன்னாங்க. மேல மன்னிப்பு கேக்கலன்னு சொன்னேன்ல, கேட்டதுக்கு பக்கத்துல வந்த ஒரே இடம் இது தான், அதுவும் மக்கள்கிட்ட இல்ல, கடவுள்கிட்ட.

அன்னிக்கு தான் கிராண்ட் நேஷனல் குதிரைப் பந்தயமும். விருந்துல ராணி அந்தப் பந்தயத்தோட கஷ்டமான தடைகள் பேரை சொல்லி, இவங்களும் அதை மாதிரி எல்லாம் தாண்டி வந்துட்டாங்க, என் மகன் தான் நேசிக்கிற பொண்ணோட கரை சேர்ந்துட்டான்னு சொன்னாங்க. குதிரைப் பைத்தியமான ஒரு மாமியார் கிட்ட இருந்து அதை விட பெரிய அங்கீகாரம் கிடையாது.

அதுக்கு அப்புறம் பதினேழு வருஷம் ஒண்ணுமே நடக்கல. அது தான் விஷயமே. கமிலா பேட்டி குடுத்து தன் பக்கத்தை சொல்லல. டயானா பத்தி ஒரு வார்த்தை பேசல. புத்தகம் எழுதல. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாதுன்னு தெரிஞ்சவங்க மாதிரி, போற இடத்துக்கு போனாங்க, ரிப்பன் வெட்டினாங்க, சிரிச்சாங்க, வந்தாங்க. 75 வயசு ஆனப்ப ஒரு பத்திரிகைல, யாருக்கும் எப்பவும் விமர்சனம் வாங்கிட்டே இருக்க பிடிக்காது, அதைக் கடந்து மேல போய்ட்டே இருக்கணும்ங்கற மாதிரி சொன்னாங்க. அதுலயும் புலம்பல் இல்ல.

எடுத்துக்கிட்ட வேலையும் பாருங்க. பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான மையங்கள், குடும்ப வன்முறை, எலும்பு நோய், வாசிப்பு. அந்த மையங்கள்ல மருத்துவப் பரிசோதனை முடிஞ்சு போற பெண்களுக்கு சோப்பு, டூத் பேஸ்ட் எல்லாம் வச்சு ஒரு பை குடுக்கற திட்டம் இவங்க ஆரம்பிச்சது, சின்ன விஷயம் தான், ஆனா போட்டோவுக்காக யோசிச்சா தோணாத ஐடியா. கொரோனா ஊரடங்கு சமயத்துல இன்ஸ்டாகிராம்ல ஆரம்பிச்ச வாசிப்பு அறை அப்புறம் தொண்டு நிறுவனமாவே ஆச்சு. 2025ல வந்த ஒரு புத்தகத்துல, பதின்ம வயசுல ட்ரெய்ன்ல ஒருத்தன் அத்துமீறினப்ப ஷூவை கழட்டி அடிச்சாங்கன்னு இருந்துச்சு. அதை அத்தனை வருஷமா சொல்லல. இமேஜ் மட்டும் தான் குறின்னா அதை முதல்லயே எடுத்து விட்டிருக்கலாமே. இங்க தான் எனக்கே என்னோட 'எல்லாம் பிளான்'ங்கற வாதம் கொஞ்சம் ஆட்டம் காணுது, பிளானும் இருந்துச்சு, ஆளும் இருந்தாங்க.

ஜனங்களும் மாறினாங்க. ராணியோட நாலு பிள்ளைங்கள்ல மூணு பேர் விவாகரத்து பண்ணவங்க. திருச்சபையே 2002ல, முன்னாள் துணை உயிரோட இருந்தாலும் சில சூழ்நிலைல சர்ச்ல மறுமணம் பண்ணலாம்னு விதியை தளர்த்திடுச்சு. 1993ல கோபப்பட்டு பேப்பர் படிச்சவங்கள்ல பாதி பேர் வீட்ல அதுக்குள்ள ஒரு விவாகரத்து, ஒரு ரெண்டாவது கல்யாணம், ஒரு மாற்றாந்தாய் வந்திருக்கும். 2021ல முன்னாள் நீதிபதி டைசன் விசாரணை வந்து, டயானாவோட அந்த பிபிசி பேட்டியை வாங்க, பேட்டி எடுத்த மார்ட்டின் பஷீர் ஏமாத்து வேலை பண்ணார்னு சொல்லிடுச்சு. கமிலாவை அது நல்லவங்கன்னு ஆக்கல, ஆனா 'மூணாவது ஆள்' வசனம் வந்த மேடையே சரியில்லன்னு ஆச்சு.

எதிர்ப்பு செத்துப் போயிடல. 2020ல டயானா காலத்தை காட்டின ஒரு நெட்ஃபிளிக்ஸ் சீரீஸ் வந்ததும் அப்ப பிறக்கவே பிறக்காத பசங்க எல்லாம் சோஷியல் மீடியால கமிலாவை வறுத்தெடுத்தாங்க, பழைய கோபத்துக்கு புது தலைமுறை வாரிசு. 2023 ஜனவரில சார்லஸ்-டயானாவோட சின்ன மகன் ஹாரி இன்னும் நேரா அடிச்சார், கமிலா தன்னோட இமேஜை சரிபண்ண பத்திரிகைக்காரங்களோட உறவு வச்சிக்கிட்டதால அவங்க ஆபத்தானவங்கன்னு பேட்டில சொன்னார். அது அவரோட குற்றச்சாட்டு, அரண்மனை வாய் திறக்கல. ஆனா 1998ல ஹாரியோட அண்ணன் வில்லியம் முதல் தடவை கமிலாவை சந்திச்சது அடுத்த சில வாரத்துல சன் பேப்பர்ல வந்துச்சுங்கறதும் நடந்த விஷயம் தான். இமேஜை மாத்தறதுக்கு ஒரு விலை இருந்துச்சு, அதை வீட்ல இருந்த பசங்க தான் குடுத்தாங்கன்னு ஹாரி சொல்றதை சும்மா தள்ளிட முடியாது.

'பிரின்சஸ் கன்சார்ட்' உத்தேசம் என்ன ஆச்சுன்னா, 2018ல சார்லஸோட வெப்சைட்ல இருந்து அந்த வரி சத்தமில்லாம போயிடுச்சு. 2022 பிப்ரவரி 5, தான் பட்டத்துக்கு வந்த 70வது ஆண்டுக்கு முந்தின நாள், எலிசபெத் ராணி ஒரு கடிதம் வெளியிட்டாங்க: சார்லஸ் மன்னராகும்போது கமிலா குயின் கன்சார்ட்னு அழைக்கப்படணும்ங்கறது என்னோட மனப்பூர்வமான விருப்பம். முடிஞ்சது கதை. மக்கள் யாரை அதிகமா மதிச்சாங்களோ அவங்க வாயாலயே வந்துடுச்சு, இனி யார் எதிர்த்து பேசறது. செப்டம்பர் 8 அவங்க இறந்தாங்க, ஏழு மாசம் 'கன்சார்ட்', அப்புறம் அந்த கார்டு.

2023 மே 6 முடிசூட்டு விழால கமிலாவுக்கு புது கிரீடம் செய்யல, 1911ல மேரி ராணி வச்ச கிரீடத்தையே மாத்தி அமைச்சாங்க. கோஹினூர் இருக்கிற கிரீடத்தை எடுக்கவே இல்ல, இந்தியால இருந்து கேள்வி வரும்னு தெரியும்ல. மறுபடியும் அதே டெக்னிக், எதை எடுக்கலங்கறது தான் செய்தி. அன்னிக்கு லண்டன் தெருல எதிர்ப்பு இருந்துச்சு, சிலரை போலீஸ் கைது கூட பண்ணாங்க, ஆனா அவங்க கையில இருந்த மஞ்சள் அட்டைல 'என்னோட ராஜா இல்ல'ன்னு தான் எழுதியிருந்துச்சு. கமிலா பேரே இல்ல. 25 வருஷ வேலை எவ்வளவு தூரம் ஜெயிச்சுதுன்னு அந்த அட்டைல தெரியும், அவங்களை எதிர்க்கணும்னே யாருக்கும் தோணல.

2024 பிப்ரவரில மன்னருக்கு கேன்சர்னு அறிவிச்சாங்க. மார்ச்ல, பெரிய வியாழன் அன்னிக்கு வயசானவங்களுக்கு காசு குடுக்கற பழைய சடங்கை வூஸ்டர் கதீட்ரல்ல கமிலா தனியா நடத்தினாங்க, மன்னருக்கு பதிலா ஒரு கன்சார்ட் அதை செஞ்சது அது தான் முதல் தடவை. புருஷனுக்கு முடியாதப்ப வேலையை இழுத்துப் போட்டு செய்யற 76 வயசு அம்மா, இந்தப் படத்தை எந்த போலண்ட் உக்காந்து பிளான் பண்ணாலும் வராது.

அடுத்த வருஷம் ஏப்ரல் 9, இருபதாவது கல்யாண நாள், இத்தாலி பயணத்துல இருந்தாங்க. உடம்பு சரியில்லாம இருந்த போப் பிரான்சிஸை அன்னிக்கு வாடிகன்ல போய் பார்த்தாங்க. ஒரு போப்போட இறுதிச் சடங்குக்காக தள்ளிப்போன கல்யாணம், மணப்பொண்ணு முதல் தடவை கத்தோலிக்க முறைல தாலி கட்டாத குறையா வாக்கு குடுத்து அப்புறம் விவாகரத்து வாங்கினவங்க. போப் அவங்க கல்யாண நாளைப் பத்தி பேசினார்னு அரண்மனை ஒரு சின்ன அறிக்கை விட்டுச்சு. அதுல அவங்க பேரு குயின் கமிலா.